எஸ்.பி. ரோட்டில் வாங்கிய லேப்டாப்: உள்ளேயே இருக்கும் கருவிகள்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலைக்குப் பக்கத்துத் தெருவில் 11 வருடமாகக் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிற தம்பி, தங்கைகள் யார் மூலமாவது என்னிடம் வந்து சேர்வார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, லேப்டாப் வாங்கிட்டேன், என்னென்ன சாஃப்ட்வேர் போடணும்?"

ஒன்றும் போட வேண்டாம், முதலில் உள்ளே இருப்பதைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பேட்டரியின் வயதைச் சொல்லவும், அடிக்கடி உறைந்து நின்றால் காரணம் தேடவும், ஊரில் இருக்கும் அம்மாவின் கணினியை இங்கிருந்தே சரிசெய்யவும் விண்டோஸிலேயே கருவிகள் இருக்கின்றன. அவை மெனுக்களுக்குள் ஆழத்தில் கிடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. அதே வேலைக்குக் காசு கொடுத்தோ, இணையத்தில் கிடைக்கிற ஏதோ ஒரு 'கிளீனர்' நிரலை இறக்கி வைரஸை வரவழைத்தோ அவதிப்படுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கீழே சொல்பவை விண்டோஸ் 11-க்கு. 10-இலும் பெரும்பாலானவை உண்டு, மெனுவில் இடம் மட்டும் கொஞ்சம் மாறும்.

பணம் கொடுப்பதற்கு முன்னால்

புதிதாக வேலைக்கு வருகிறவர்களில் பலர் முதலில் வாங்குவது செகண்ட் ஹேண்ட் லேப்டாப். அதற்கு எல்லோரும் கைகாட்டுகிற இடம் எஸ்.பி. ரோடு, அதாவது சதர் பத்ரப்பா ரோடு. சிக்பேட்டை மெட்ரோவிலோ கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவிலோ இறங்கி நடந்தே போய்விடலாம். அங்கே விற்பனைக்கு நிற்கும் லேப்டாப்களில் நிறைய, ஐ.டி. கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்தவை. நல்ல மாடல்களாகவே இருக்கும். ஆனால் பேட்டரி தேய்ந்திருக்கலாம், பழைய கம்பெனியின் பூட்டு உள்ளே மிச்சம் இருக்கலாம். இரண்டும் வெளியே தெரியாது. இயந்திரத்தையே கேட்க வேண்டும்.

முதலில் பேட்டரி. "நாலு மணி நேரம் நிக்கும் சார்" என்று கடைக்காரர் சொல்வார். சரி என்று கேட்டுக்கொண்டு, இதைச் செய்யுங்கள்:

1. ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். வருகிற பட்டியலில் 'டெர்மினல்' என்று இருக்கும், விண்டோஸ் 10 என்றால் 'பவர்ஷெல்'. அதைத் திறங்கள்.

2. ஆங்கிலத்தில் 'பவர்' என்று அடித்து, அதை ஒட்டியே சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் அடியுங்கள். ஓர் இடைவெளி. பிறகு சாய்கோடு, அதாவது கேள்விக்குறி இருக்கும் கீயில் ஷிஃப்ட் இல்லாமல் வருவது. அதை ஒட்டி 'பேட்டரி', 'ரிப்போர்ட்' இரண்டையும் ஒரே சொல்லாக அடித்து என்டர் தட்டுங்கள்.

3. அறிக்கை எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்று ஒரு வரி வரும். சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் அந்தப் பயனர் பெயரில் உள்ள ஃபோல்டராகத்தான் பொதுவாக இருக்கும். அந்தக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் பிரவுசரில் திறக்கும்.

பக்கம் நீளமாக இருக்கும். மேலே 'இன்ஸ்டால்டு பேட்டரீஸ்' என்ற பகுதியில் இரண்டு எண்கள் போதும். 'டிசைன் கெபாசிட்டி' என்பது பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு. 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' என்பது இன்றைக்கு முழுதாக ஏற்றினால் எவ்வளவு பிடிக்கும் என்பது. முதலாவது 50,000, இரண்டாவது 31,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் 62 சதவீதம்தான் மிச்சம். என் கணக்கு இது: 80-க்கு மேல் இருந்தால் தாராளமாக வாங்கலாம். 60-ஐ ஒட்டி இருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துக் கேளுங்கள். அதற்கும் கீழே என்றால் வெள்ளிக்கிழமை இரவு மடிவாளாவில் பஸ் ஏறி ஊர் போகும் வழியில் ஒரு படம்கூட முழுதாகப் பார்க்க முடியாது. அதே பகுதியில் 'சைக்கிள் கவுன்ட்' என்றும் ஒன்று இருக்கும், பேட்டரி எத்தனை முழுச் சுற்று சார்ஜ் கண்டிருக்கிறது என்று. சில மாடல்களில் அந்த இடம் காலியாக இருக்கும், அதனால் பயப்பட வேண்டாம்.

"நேத்துதான் விண்டோஸ் புதுசா போட்டோம், ரிப்போர்ட்ல ஒண்ணும் வராது" என்று கடையில் சொல்லலாம். பழைய வரலாறு அழிந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு கொள்ளளவு எண்களும் பேட்டரியிலிருந்தே படிக்கப்படுபவை. விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் அவை மாறாது.

அடுத்தது பிராசஸர். ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடுங்கள். மாடல் பெயர், பிராசஸர், ரேம் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். இன்டெல் என்றால் ஐ5, ஐ7-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 7200 என்றால் ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஓடும், ஏழில் ஒன்றிரண்டு விதிவிலக்குகள் தவிர. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டதால் இது முக்கியம். பழைய இயந்திரத்தில் 11-ஐக் குறுக்கு வழியில் ஏற்றி விற்பவர்களும் உண்டு. இன்றைக்கு நன்றாகவே ஓடும், நாளைக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இப்போது நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வதற்கு வருகிறேன். என் சித்தி மகன் இரண்டு வருடம் முன்பு திருப்பத்தூரிலிருந்து வந்து, ஒரு கடையில் நல்ல விலைக்கு ஒரு லேப்டாப் வாங்கினான். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஏதோ கோளாறு என்று ரீசெட் செய்தான். திரும்ப எழுந்தபோது, அவன் கேள்விப்பட்டே இராத ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி, "அலுவலக மின்னஞ்சலைக் கொடு" என்று நின்றுவிட்டது. கடைக்காரர் கை விரித்துவிட்டார். முதல் சம்பளம் அது. அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

காரணம் இதுதான். பெரிய கம்பெனிகள் தங்கள் லேப்டாப்களின் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவு செய்து வைக்கும். கழிக்கும்போது அந்தப் பதிவை நீக்க மறந்தால், விண்டோஸை எத்தனை முறை போட்டாலும் இணையத்தோடு இணைந்து முதல்முறை அமைக்கும்போது அந்தப் பூட்டு திரும்ப வரும். நீக்கும் அதிகாரம் பழைய கம்பெனிக்கு மட்டுமே. இணையம் இல்லாமல் அமைத்தால் பூட்டு தலைகாட்டாது. அதனால்தான் கடையில் எல்லாம் சரியாகத் தெரிகிறது.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன், 'செட்டிங்ஸ்', 'அக்கவுன்ட்ஸ்', 'ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல்' என்று போய், ஏதாவது கம்பெனி பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். அது காலியாக இருந்தாலும் அதோடு விட வேண்டாம். 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ரிகவரி', 'ரீசெட் பிசி' என்று போய், 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுத்து, 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' கொடுக்கச் சொல்லுங்கள். 'கிளவுட் டவுன்லோட்' வேண்டாம், 4 ஜிபி அளவுக்கு டேட்டா போய்விடும். ஒரு மணி நேரமோ கூடுதலோ ஆகும், போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். முதல் திரை வந்ததும் உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். எந்தக் கம்பெனி பெயரும் கேட்காமல் உங்கள் சொந்தக் கணக்கைக் கேட்டால் சரி. இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். பக்கத்திலேயே இன்னும் பத்துக் கடை இருக்கிறது.

அப்புறம், 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஆக்டிவேஷன்' பக்கத்தில் 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் நாள்

உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல லேப்டாப்களில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' தானாகவே இயங்கத் தொடங்கும். லேப்டாப் திருடு போனாலும் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது, நல்லதுதான். ஆனால் மதர்போர்டு மாற்றினாலோ பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழுகிற அடிப்படை நிரல்) ஏதாவது மாறினாலோ 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். அது இல்லையென்றால் உங்கள் கோப்புகள் உங்களுக்கே கிடையாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் அந்த எண் இருக்கும். ஒரு தாளில் எழுதி, ஊரில் அம்மாவின் பீரோவில் வைத்துவிடுங்கள்.

'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து, 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஒருமுறை ஓட்டுங்கள். விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடுவதால், ஓடும்போது ஒளிந்துகொள்கிற வைரஸும் சிக்கும். கால் மணி நேரம் ஆகும்.

ஹாட்ஸ்பாட்டில் காலம் தள்ளுவது

பி.ஜி. விடுதியின் வைஃபை ராத்திரி எட்டு மணிக்கு மேல் நகராது. பிறகு மொபைல் ஹாட்ஸ்பாட்தான். தினமும் 1.5 ஜிபியோ 2 ஜிபியோ இருக்கும் திட்டத்தில் லேப்டாப்பை இணைத்த அரை மணி நேரத்தில் "டேட்டா தீர்ந்தது" என்று செய்தி வந்தால், பெரும்பாலும் பின்னணியில் விண்டோஸ் அப்டேட் இறங்கியிருக்கும்.

ஹாட்ஸ்பாட்டில் இணைந்த நிலையில் 'செட்டிங்ஸ்', 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்', 'வைஃபை' என்று போய், அந்த இணைப்பின் 'ப்ராப்பர்டீஸ்' பக்கத்தைத் திறங்கள். 'மீட்டர்டு கனெக்ஷன்' என்ற பொத்தானை இயக்குங்கள். இது அளந்து கொடுக்கப்படும் இணைப்பு என்று விண்டோஸுக்குச் சொல்கிறீர்கள். பெரிய அப்டேட்களைத் தள்ளிப்போடும், ஒன்டிரைவும் ஒத்திசைவை நிறுத்தி வைக்கும். அந்த ஒரு ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும்தான் இது பொருந்தும். ஆனால் வாரத்தில் ஒருநாளாவது நல்ல வைஃபையில் இணைத்து அப்டேட்களை இறக்கிவிட வேண்டும், மாதக்கணக்கில் தள்ளக் கூடாது.

எந்த நிரல் எவ்வளவு டேட்டா தின்றது என்பதை அதே நெட்வொர்க் பகுதியில் 'அட்வான்ஸ்டு', 'டேட்டா யூசேஜ்' என்று போனால் நிரல்வாரியாகப் பார்க்கலாம். இதற்கென்று தனி மென்பொருள் இறக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நான்கைந்து பேர் சேர்ந்து வீடு எடுத்து ஒரே ரவுட்டரில் இருக்கிறீர்களா? 'விண்டோஸ் அப்டேட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' பக்கத்தில் 'லோக்கல் நெட்வொர்க்' என்ற தேர்வு இருக்கட்டும். ஒருவர் இறக்கிய அப்டேட்டை மற்றவர்களின் லேப்டாப்கள் வீட்டுக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். இணையத்தில் உள்ள மற்றவர்களோடும் பகிரும் தேர்வை எடுக்காதீர்கள்.

தினமும் கைகொடுப்பவை

விண்டோஸ் கீயையும் வி எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். முதல்முறை 'டர்ன் ஆன்' என்று கேட்கும், கொடுங்கள். அதன்பிறகு நீங்கள் காப்பி செய்த கடைசி 25 விஷயங்கள் பட்டியலாக நிற்கும், எதை வேண்டுமானாலும் எடுத்து ஒட்டலாம். 2018-இலிருந்து விண்டோஸில் இருக்கிறது, பக்கத்து இருக்கை சீனியருக்கே தெரியாது. வேலைக்கு விண்ணப்பிக்கிற நாட்களில் முகவரி, கல்லூரிப் பெயர், பதிவு எண் என்று நாற்பது படிவங்களில் ஒரே விஷயத்தை அடிப்போம் அல்லவா, அவற்றைப் பட்டியலில் 'பின்' செய்து வைத்துவிட்டால் ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது. பின் செய்யாதவை அழிந்துவிடும். காப்பி செய்த பாஸ்வேர்டும் அந்தப் பட்டியலில் தெரியக்கூடும், அறை நண்பர் லேப்டாப் கேட்டால் 'கிளியர் ஆல்' கொடுத்துவிட்டு நீட்டுங்கள்.

கால்குலேட்டரின் இடது மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தட்டினால் 'டேட் கால்குலேஷன்' என்று ஒன்று வரும். மார்ச் 10 அன்று ராஜினாமா கொடுத்தால் 90 நாள் நோட்டீஸ் என்றைக்கு முடியும்? தேதியைக் கொடுத்து 90 நாள் கூட்டினால் ஜூன் 8 என்று காட்டும். விரல் விட்டு எண்ணினால் மே மாதத்தின் 31-ஆம் நாளில் தவறிவிடும். 11 மாத வாடகை ஒப்பந்தம் முடியும் தேதிக்கும் இதுவே போதும்.

பிரிண்ட் கொடுக்கும்போது பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' இருக்கும். 30 பக்க ஒப்பந்தத்தில் 4-ஆம் பக்கம் மட்டும் வேண்டுமென்றால், பக்க எண்ணில் 4 கொடுத்துத் தனி பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம். ஆதாரையும் பான் கார்டையும் முன்பின் தெரியாத 'இலவச' இணையதளத்தில் ஏற்றிப் பக்கம் பிரிப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

மீட்டிங் நடுவே திரை கறுத்து நின்றால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பி எழுத்தை ('பேட்டரி'யின் முதல் எழுத்து) அழுத்துங்கள். ஒரு பீப் ஒலி கேட்டு, திரை ஒரு கணம் மறைந்து திரும்பி வரும். கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் புதிதாகத் தொடங்கும் வழி இது, திறந்திருக்கும் வேலை ஒன்றும் மூடாது.

தமிழில் தட்டச்சுக்கும் வெளியே தேட வேண்டாம். 'டைம் அண்ட் லாங்வேஜ்', 'லாங்வேஜ்' பக்கத்தில் தமிழைச் சேருங்கள். சேர்க்கும்போது 'டிஸ்ப்ளே லாங்வேஜ்' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மெனு முழுவதும் தமிழாகி, நான் இங்கே சொன்ன பெயர்கள் எதையும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு தமிழுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளி, 'லாங்வேஜ் ஆப்ஷன்ஸ்', 'ஆட் எ கீபோர்டு'. அங்கே தமிழ்99-ம் இருக்கும், அஞ்சலும் இருக்கும். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்துப் பழகியவர்களுக்கு அஞ்சல் கைக்கு வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் தமிழ்99-ஐயே கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் வலது கையில் என்று தமிழுக்காகவே அமைத்த விசைப்பலகை அது. இரண்டு வாரம் பொறுத்தால் விரல் தானாக ஓடும். மொழி மாற்ற விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ்.

சர்வீஸ் கடைக்குப் போவதற்கு முன்

லேப்டாப் அடிக்கடி உறைகிறது, தானாக அணைந்துவிடுகிறது என்று கடைக்கு எடுத்துப் போனால் "மதர்போர்டு போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு முன் ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று அடியுங்கள். 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாக ஒரு வரைபடம், ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண், கோளாறு நடந்த நாட்களில் சிவப்புப் பெருக்கல் குறி. குறியைத் தட்டினால் அன்றைக்கு எந்த நிரல் விழுந்தது என்று கீழே இருக்கும்.

தினமும் ஒரே நிரலின் பெயர் வந்தால் அதை நீக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகுதான் தொடங்கியது என்றால், அன்றைக்கு எது அப்டேட் ஆனது என்று அதே பட்டியல் காட்டும். ஒவ்வொரு நாளும் வெவ்வேறு பெயர், ஒரு ஒழுங்கும் இல்லை என்றால் ரேம் மேல் சந்தேகப்படலாம். 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடி ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, சோதித்து, திரும்ப உள்ளே வந்ததும் முடிவைச் சொல்லும். இதையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் அங்கே பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

ஊரில் இருப்பவர்களுக்கு

அப்பாவின் கணினியில் பிரிண்டர் வேலை செய்யவில்லை, இங்கிருந்து போனில் "அந்த மூலையில் பாருங்கப்பா" என்று ஒரு மணி நேரம் சொல்லியும் நடக்கவில்லை. 'குயிக் அசிஸ்ட்' இதற்காகவே இருக்கிறது. இரண்டு பக்கமும் விண்டோஸ், கன்ட்ரோல் இரண்டோடு க்யூ எழுத்தை அழுத்தித் திறங்கள். நீங்கள் 'ஹெல்ப் சம்ஒன்' தட்டி, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் ஒரு குறியீடு வரும். அதை போனில் சொல்லுங்கள், அப்பா தன் பக்கத்தில் அதை அடித்துச் சம்மதம் கொடுக்க வேண்டும். அவருக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவையில்லை. குறியீடு சில நிமிடங்களில் காலாவதியாகும், அதனால் அவரைக் கணினி முன் உட்கார வைத்துவிட்டு எடுங்கள். இப்போது அவர் திரை உங்களுக்குத் தெரியும். மவுஸை நீங்களே நகர்த்த 'ரிக்வெஸ்ட் கன்ட்ரோல்' கேளுங்கள், அவர் 'அலவ்' கொடுத்தால் போதும்.

இதைக் கற்றுக்கொடுக்கும் அதே நாளில் இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள். மோசடிக்காரர்களும் இதே மாதிரி ஒரு குறியீட்டைச் சொல்லி அடிக்கச் சொல்வார்கள். வங்கி, போலீஸ், மைக்ரோசாஃப்ட் என்று சொல்லி யார் போன் செய்து இதைத் திறக்கச் சொன்னாலும் அழைப்பைத் துண்டித்துவிட வேண்டும். வீடியோ அழைப்பில் கைது செய்யும் 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி மானிட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். என் அப்பா காலண்டருக்கு மேலேயே ஒட்டிவைத்திருக்கிறார்.

பிரிண்டரைச் சரிசெய்து முடித்ததும் இணைப்பை உடனே துண்டிக்காமல், 'அக்செசிபிலிட்டி', 'டெக்ஸ்ட் சைஸ்' பக்கத்தில் எழுத்தின் அளவைக் கொஞ்சம் பெரிதாக்கி, "இப்ப தெரியுதாப்பா?" என்று கேட்டுவிட்டு வையுங்கள்.